வெளிச்சம் குறையும்போது பேஸ்பால் ஆட்டத்தை எப்போது, எப்படி முடிப்பது

மைதானம் இருண்டுவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகு ஆட்டத்தை நிறுத்த நடுவர் தேவையில்லை. பார்வையாளர் இருக்கையில் இருக்கும் குழந்தைகூட அதைச் சொல்லிவிடும். நடுவர் தேவைப்படுவது அதற்கு முப்பது நாற்பது நிமிடங்களுக்கு முன்பு, "இன்னும் வெளிச்சம் இருக்கிறதே" என்று இரு பக்கமும் குரல் எழும் நேரத்தில். அப்போது அவர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இப்போது ஓர் இன்னிங்ஸைத் தொடங்கினால் (முதல் பாதியில் வெளியூர் அணியும் இரண்டாம் பாதியில் உள்ளூர் அணியும் பேட் செய்யும் ஒரு சுற்று அது), அதன் கடைசி அவுட் விழும்வரை பேட்டருக்குப் பந்து தெரியுமா?

நான் நியூ ஜெர்சியில் பள்ளி ஆட்டங்களுக்கும் சிறுவர் லீக் ஆட்டங்களுக்கும், பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டின் பின்னால் நடுவராக நிற்கிறேன். எனக்கு வருகிற மைதானங்களில் பெரும்பாலானவற்றுக்கு விளக்குக் கம்பங்கள் கிடையாது. பிள்ளைகளை ஆட அனுப்பிவிட்டுத் தாங்களும் நடுவர் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கும் தமிழ்ப் பெற்றோர் சிலர் இதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். ஸ்ட்ரைக் (பேட்டர் அடிக்கத் தக்க பந்து) எது, பால் (எட்டாத பந்து) எது என்பதற்குப் புத்தகத்தில் படம் போட்டிருக்கிறார்கள். இருட்டுக்குப் படம் இல்லை. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அதிகாரம் யாருடையது என்பதில் முதலில் தெளிவாக இருங்கள். ஆட்டம் தொடங்கும்வரை மைதானம் ஆடத் தகுந்ததா என்று சொல்லும் உரிமை உள்ளூர் அணிக்கு. ஹோம் பிளேட்டில் ஆட்டக்காரர் பட்டியல்கள் கைமாறிய நொடியில் அந்த உரிமை தலைமை நடுவரிடம் வந்துவிடுகிறது. தலைமை நடுவர் என்பவர் ஹோம் பிளேட்டின் பின்னால் நிற்பவர். அமெரிக்காவின் முதல்தரத் தொழில்முறை லீக்கான மேஜர் லீக்கின் விதிப் புத்தகம் ஆட்டத்தை நிறுத்துவதையும், மீண்டும் தொடங்குவதையும், முடித்துவைப்பதையும் அவர் ஒருவரின் தீர்ப்புக்கே விட்டிருக்கிறது. வெளிச்சம் போதாமல் ஆடுவது ஆபத்து என்று அவர் கருதினால் மைதான விளக்குகளைப் போடச் சொல்வதும் அவர் பொறுப்பே. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு, டெஸ்ட் ஆட்டத்தில் நடுவர்கள் ஒளிமானியைக் கையில் பிடித்துப் பார்க்கும் காட்சி பழக்கமானது. பேஸ்பாலில் அப்படி ஒரு கருவி இல்லை; கண்ணும் கைக்கடிகாரமும்தான். எனவே கண்ணை எப்படி நம்புவது, எப்போது நம்பக் கூடாது என்று கற்றுக்கொள்வதே இந்த வேலையின் பாதி.

ஆபத்து என்ற சொல்லை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பந்து வீசும் பிட்சரின் மேட்டிலிருந்து ஹோம் பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம். மணிக்கு 80 மைல் வேகத்தில் ஒரு பள்ளி மாணவன் வீசும் பந்து அரை நொடிக்குள் வந்து சேர்ந்துவிடும். 1920 ஆகஸ்ட் 16 அன்று நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸில் கார்ல் மேஸ் வீசிய பந்து கிளீவ்லாந்து அணியின் ரே சாப்மனின் தலையில் பட்டது. அவர் மறுநாள் இறந்தார். அந்தக் காலத்தில் அழுக்கேறிக் கறுத்த பந்தையே மாற்றாமல் வீசிக்கொண்டிருப்பார்கள். சாப்மன் தலையை விலக்கவே இல்லை. பந்தை அவர் பார்க்கவில்லை என்றே அன்று அங்கிருந்தவர்கள் நினைத்தார்கள். அழுக்கான பந்துகளை உடனுக்குடன் மாற்றும் வழக்கம் அதற்குப் பிறகுதான் உறுதிப்பட்டது. இன்று பேட்டர்கள் தலைக்கவசம் அணிகிறார்கள். முகமும் விரல்களும் விலாவும் இன்றும் திறந்தே இருக்கின்றன.

இனி செய்முறை. ஆட்டத்துக்கு முந்தின நாளே அந்த ஊரின் சூரிய மறைவு நேரத்தைப் பார்த்து வையுங்கள். நியூயார்க், நியூ ஜெர்சி பகுதியில் மார்ச் நடுவில் சூரியன் மறைய மாலை 7 மணி ஆகிவிடும். மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவதன் பயன் அது. அக்டோபர் நடுவில் அது 6.15-க்கு வந்துவிடுகிறது. நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரம் பின்னால் போனதும் 5 மணிக்கு முன்பே சூரியனைக் காணோம். வசந்தகாலப் பள்ளி ஆட்டம் 4 மணிக்குத் தொடங்கி 7 இன்னிங்ஸில் முடிந்தால் இருட்டைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். ஆட்டம் சமநிலையில் நீண்டாலோ, நடுவில் மழை ஒரு மணி நேரம் விழுங்கிவிட்டாலோ, ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் வைத்திருந்தாலோதான் சிக்கல். இலையுதிர்காலச் சிறுவர் லீக்கில் ஏறக்குறைய ஒவ்வோர் ஆட்டத்திலும் சிக்கல்.

சூரியன் மறைந்த பிறகும் சற்று நேரம் வெளிச்சம் இருக்கும். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும்வரை உள்ள இந்த அந்தி, இந்தப் பகுதியில் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த நேரம் முழுவதையும் ஆட்டத்துக்கென்று கணக்கில் எடுக்காதீர்கள். பூங்காவில் நடக்கவும் செய்தித்தாள் படிக்கவும் அது போதும். வேகமாக வரும் வெள்ளைப் பந்துக்கு முதல் பாதிகூடப் போதாமல் போகலாம். கனத்த மேகம் இருந்தால், மேற்கே உயர்ந்த மரங்கள் இருந்தால், அந்தப் பாதியும் கிடையாது. மைதானத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது மேற்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைத்தான்.

அடுத்தது, அந்த லீக்கின் விதி. இதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் மைதானத்தில் கால் வைக்கக் கூடாது. ஆட்டம் எப்போது செல்லுபடியாகும் என்பது இடத்துக்கு இடம் மாறும். மேஜர் லீக்கில் 9 இன்னிங்ஸில் 5 முடிந்திருக்க வேண்டும். பள்ளி விதிகளில் 7-இல் 5. சிறுவர்களுக்கான லிட்டில் லீக்கில் 6-இல் 4. உள்ளூர் அணி முன்னிலையில் இருந்தால் மூன்றிலும் அரை இன்னிங்ஸ் குறைவாகவே போதும். அதற்கு முன்பே நின்றுபோனால் விட்ட இடத்திலிருந்து தொடர்வதா, முதலிலிருந்து ஆடுவதா? செல்லுபடியான பிறகு ஓர் இன்னிங்ஸின் நடுவில் நின்றுபோனால் எந்த ஸ்கோரை எடுப்பது? பள்ளிக் கூட்டமைப்பின் அடிப்படை விதி, முழுதாக முடிந்த கடைசி இன்னிங்ஸுக்குத் திரும்பச் சொல்கிறது. உள்ளூர் அணி தன் பாதியில் எதிரணியை எட்டிப் பிடித்திருந்தாலோ கடந்திருந்தாலோ மட்டும் அந்த நிமிடத்தின் ஸ்கோர் நிற்கும். மாநிலச் சங்கங்கள் இதை மாற்றி, நிறுத்திவைத்துப் பின்னொரு நாள் தொடரும் முறையை வைத்துக்கொள்ளலாம்.

இந்த விதி எவ்வளவு கொடியதாக மாறக்கூடும் என்று பாருங்கள். ஐந்து இன்னிங்ஸ் முடிவில் உள்ளூர் அணி 4, வெளியூர் அணி 3. வெளிச்சம் மங்குகிறது. நடுவர் ஆறாவதைத் தொடங்க விடுகிறார். வெளியூர்ப் பிள்ளைகள் முதல் பாதியில் மூன்று ரன் எடுத்து 6–4 என்று முன்னேறிவிடுகிறார்கள். இரண்டாம் பாதியில் ஓர் அவுட் விழுந்ததும் இருட்டிவிட்டது என்று நடுவர் நிறுத்துகிறார். ஸ்கோர் ஐந்தாவது இன்னிங்ஸுக்குத் திரும்புகிறது. உள்ளூர் அணி 4–3 என்று வென்றதாகிறது. அந்த மூன்று ரன்களும் நடக்காதவை ஆகிவிடுகின்றன. யாரும் விதியை மீறவில்லை, ஆனால் வெளியூர் அணிக்குப் பெரிய அநியாயம் நடந்திருக்கிறது. முடிக்க முடியாத இன்னிங்ஸைத் தொடங்கக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதற்காகத்தான்.

ஆட்டத்துக்கு முன் ஹோம் பிளேட்டில் இரு பயிற்சியாளர்களும் கூடும்போது மூன்று விஷயங்களை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: இன்று சூரியன் மறையும் நேரம், இந்த லீக்கில் எத்தனை இன்னிங்ஸில் ஆட்டம் செல்லும், நடுவில் நின்றால் என்ன ஆகும். ஒரு நிமிடம்கூட ஆகாது. ஸ்கோர் 0–0 ஆக இருக்கும்போது இரு தரப்பும் தலையசைத்துவிடுவார்கள். இதே வாக்கியங்களை ஆறாவது இன்னிங்ஸில் முதன்முறையாகச் சொன்னால், யாருக்கோ சாதகமாகச் சொல்வதாகவே கேட்கும்.

விளக்கு இருக்கும் மைதானமென்றால் அதன் சாவி யாரிடம் என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய வகை மெட்டல் ஹாலைடு விளக்குகள் முழு ஒளிக்கு வரச் சில நிமிடங்கள் பிடிக்கும்; மின்சாரம் ஒருமுறை துண்டிக்கப்பட்டால் குளிர்ந்த பிறகே மீண்டும் எரியும். எல்இடி விளக்கு என்றால் இந்தக் கவலை இல்லை. எதுவானாலும் ஓர் இன்னிங்ஸின் தொடக்கத்தில் போடச் சொல்வதே நியாயம். ஓர் அணி அந்தியிலும் மற்ற அணி விளக்கொளியிலும் பேட் செய்யும்படி விடக் கூடாது.

இப்போது கண்ணைப் பற்றி. பலரும் கவனிக்காத ஒரு விஷயம், மைதானம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது. ஹோம் பிளேட்டிலிருந்து பிட்சர் மேடு வழியாக இரண்டாம் பேஸுக்குப் போகும் கோடு கிழக்கு-வடகிழக்காக இருப்பது விரும்பத்தக்கது என்று விதிப் புத்தகமே சொல்கிறது. மாலைச் சூரியன் பேட்டரின் கண்ணில் அடிக்கக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. ஆனால் அந்தி நேரத்தில் அதற்கு இன்னொரு விளைவு உண்டு. பேட்டர், அவருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர், தலைமை நடுவர் மூவரும் கிழக்கைப் பார்க்கிறார்கள். வானம் முதலில் கறுப்பது அந்தப் பக்கம்தான். பிட்சரும், இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பும், பேஸ் அருகில் நிற்கும் சக நடுவரும் இன்னும் செம்மை மாறாத மேற்கைப் பார்த்து நிற்கிறார்கள். "எனக்கு நன்றாகத் தெரிகிறதே" என்று பிட்சர் சொன்னால் அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு உண்மையிலேயே தெரிகிறது. ஆபத்தில் இருப்பவன் மறுபக்கத்தில் இருக்கிறான். ஆகையால் சாட்சி கேட்பதானால் உங்களோடு ஒரே திசையைப் பார்க்கும் கேட்சரிடம் கேளுங்கள். இரு அணிக் கேட்சர்களிடமும், இன்னிங்ஸ் மாறும்போது, தாழ்ந்த குரலில். "பந்து கையைவிட்டுக் கிளம்பும்போதே தெரிகிறதா, பாதி வழியிலா?" என்று கேட்டால் பிள்ளைகள் நேர்மையாகப் பதில் சொல்வார்கள். "நிறுத்தலாமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தச் சுமையை ஒரு சிறுவன் தோளில் ஏற்றுவது தவறு.

உங்கள் கண்ணை ஏன் முழுதாக நம்பக் கூடாது என்றால், வெளிச்சம் படிப்படியாகக் குறையும்போது கண்ணும் படிப்படியாகப் பழகிக்கொண்டே வருகிறது. இரண்டு மணி நேரம் வெளியிலேயே நிற்பவருக்கு இழப்பு உறைக்காது. மங்கிய ஒளியில் விழித்திரையின் கூம்பு செல்கள் பின்வாங்கி, கோல் செல்கள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. காட்சி மூளைக்கு எட்டுவதும் சற்றுத் தாமதமாகிறது. அரை நொடிக்குள் முடிவெடுக்க வேண்டிய பேட்டருக்கு அந்தத் தாமதம் சிறியதன்று. வயதானவர்களின் பாவை இளைஞர்களுடையதைப் போல விரிவதில்லை. எனவே ஐம்பதைக் கடந்த என் கண்ணுக்குள் பதினாறு வயதுக் கேட்சரின் கண்ணுக்குப் போவதைவிடக் குறைந்த ஒளியே போகிறது. கண்ணைப் புதுப்பித்துக்கொள்ள நான் ஒன்று செய்கிறேன். ஒவ்வோர் அரை இன்னிங்ஸ் முடிவிலும் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, பிளேட்டிலிருந்து விலகி வந்து, மைய அவுட்ஃபீல்டில் நிற்பவரின் சட்டை எண்ணைப் படிக்கிறேன். சற்று முன் படிக்க முடிந்த எண்ணை இப்போது படிக்க முடியவில்லையென்றால், என் கண் என்னிடம் மறைத்த மாற்றம் வெளியே வந்துவிடுகிறது.

நிறத்திலும் ஓர் அடையாளம் உண்டு. ஒளி குறையும்போது சிவப்பு மற்ற நிறங்களுக்கு முன்பே இருண்டுவிடும். பேஸ்பாலின் தையல் சிவப்பு நூல். பந்து சுழலும் விதத்தை அந்தத் தையலை வைத்துத்தான் பேட்டர் கண்டுகொள்கிறான்: நேர்ப் பந்தா, வளையும் பந்தா என்று. தையல் மறைந்து பந்து வெறும் சாம்பல் உருண்டையாகத் தெரியத் தொடங்கினால் என் மனத்தில் கணக்கு ஓடத் தொடங்கிவிடும். புதுப் பந்துகளைப் பையிலிருந்து எடுத்துக் கொடுங்கள். புல்லில் உரசிப் பச்சையேறிய பந்துகளை வெளியே போடுங்கள். அது சில நிமிடங்களை வாங்கித் தரும், அதற்கு மேல் தராது.

மைதானமும் பேசும். பந்து மட்டையில் பட்டதும் அவுட்ஃபீல்டர்களின் முதல் அடியைப் பாருங்கள். வெளிச்சம் இருக்கும்போது பந்தைப் பார்த்து ஓடுவார்கள். இல்லாதபோது சத்தம் கேட்டு ஒரு கணம் நின்று, பிறகு யார் ஓடுகிறார் என்று ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். உயரமாகப் போகும் பந்து வானத்தின் பின்னணியில் நெடுநேரம் தெரியும். அதைக் காட்டி "தெரிகிறதே" என்று வாதாடுவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது மரங்களின் இருட்டுக்கு முன்னால் தாழ்வாக, வேகமாகப் போகும் பந்தை. மூன்றாம் பேஸில் நிற்கும் பையன்மேல் பாய்வது அந்தப் பந்துதான். கேட்சர் நேராக வரும் பந்தைக் கைநழுவ விடுவதும் கணக்கில் சேரும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய அறிகுறி ஒன்று உண்டு. ஓர் அக்டோபர் மாலை, பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் ஆட்டம். பந்து இடக்கை பேட்டர் ஒருவனின் தோளை நோக்கி வந்தது. வேகமும் அதிகமில்லை. அவன் அசையவில்லை. பயந்து உறைந்தும் போகவில்லை. கேட்சரின் கையுறையில் பந்து விழுந்த சத்தத்துக்குப் பிறகே அவன் தலை திரும்பியது. அந்த இடத்திலேயே இரு கைகளையும் உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினேன். இரண்டு அவுட், இரு பேஸ்களில் ஆள், பின்தங்கிய அணி பேட் செய்துகொண்டிருந்தது. அதன் பயிற்சியாளர் கோபமாக ஓடி வந்தார். "உங்கள் பையனுக்குப் பந்து தெரியவில்லை" என்றேன். அவர் திரும்பிப் பையனைப் பார்த்தார், அதற்கு மேல் பேசவில்லை. இன்னிங்ஸை முடிக்க வேண்டும் என்ற என் விதியெல்லாம் அந்த இடத்தில் இரண்டாம்பட்சம். உள்ளே வரும் பந்துக்குப் பேட்டர் விலகாவிட்டால் அடுத்த பந்து வீசப்படக் கூடாது.

அந்த நிலைக்கு வராமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் கைக்கடிகாரம். ஒவ்வோர் அரை இன்னிங்ஸும் முடிந்த நேரத்தை ஆட்டக்காரர் பட்டியலின் ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். நான்காவது இன்னிங்ஸுக்குள் அன்றைய ஆட்டத்தின் நடை தெரிந்துவிடும். கட்டுப்பாட்டோடு வீசும் பிட்சர்கள் இருந்தால் பள்ளி ஆட்டத்தில் ஓர் இன்னிங்ஸ் பதினைந்து நிமிடத்தில் முடியும். சிறுவர் ஆட்டத்தில் நான்கு பால் நான்கு பாலாக வாங்கி எல்லோரும் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்துகொண்டிருந்தால் அரை மணி நேரமும் போதாது. அன்று நடந்த இன்னிங்ஸ்களில் நீளமானதை எடுத்துக்கொள்ளுங்கள், சராசரியை வேண்டாம். மிச்சமிருக்கும் நல்ல வெளிச்சம் அதைவிடக் குறைவென்றால் தொடங்காதீர்கள். ஒரு சலுகை உண்டு: உள்ளூர் அணி முன்னிலையில் இருந்து, இது கடைசி இன்னிங்ஸ் என்று ஆகிவிட்டால், பெரும்பாலும் முதல் பாதிக்கு மட்டும் வெளிச்சம் தேவைப்படும். வெளியூர் அணி எட்டிப் பிடித்துவிட்டால் மறுபாதியும் வேண்டியிருக்கும் என்பதை மறந்துவிட்டு அந்தச் சலுகையை எடுக்காதீர்கள். லிட்டில் லீக் விதிப்படி, முந்தைய இன்னிங்ஸின் மூன்றாவது அவுட் விழுந்த கணமே அடுத்தது தொடங்கிவிடுகிறது. எனவே அந்த அவுட் விழுவதற்கு முன்பே உங்கள் மனத்தில் பதில் இருக்க வேண்டும்.

முடிவெடுத்ததும் இரு பயிற்சியாளர்களையும் ஒன்றாக அழைத்து, ஒரே வாக்கியத்தில், இதுவே கடைசி இன்னிங்ஸ் என்று சொல்லுங்கள். முன்கூட்டிச் சொன்னால் ஆட்டத்தின் போக்கு மாறிவிடும் என்று வாதிடும் அனுபவசாலிகள் உண்டு. மாறத்தான் வேண்டும் என்பது என் கருத்து. கடைசி வாய்ப்பு என்று தெரிந்து ஆடும் உரிமை பிள்ளைகளுக்கு உண்டு. 1938 செப்டம்பர் 28 அன்று சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். லீக் வரிசையில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அரை ஆட்டம் முன்னிலையில், சிகாகோ கப்ஸ் துரத்திக்கொண்டிருந்த நேரம். ஸ்கோர் 5–5. அங்கே விளக்குகள் இல்லை. ஒன்பதாவது இன்னிங்ஸோடு ஆட்டம் முடிக்கப்படும் என்று நடுவர்கள் தீர்மானித்தார்கள். இரண்டாம் பாதியில் இரண்டு அவுட், இரண்டு ஸ்ட்ரைக். மேஸ் பிரவுன் வீசிய பந்தைக் கப்ஸ் அணியின் கேட்சரும் மேலாளருமான கேபி ஹார்ட்னெட் மங்கலுக்குள் அடித்து அனுப்பினார், ஹோம் ரன். கப்ஸ் முதலிடத்துக்கு வந்தது. 'அந்தியில் அடித்த ஹோம் ரன்' என்று இன்றும் அதைச் சொல்வார்கள். கதையில் எல்லோரும் ஹார்ட்னெட்டைப் பார்க்கிறார்கள். எனக்கு அந்த நடுவர்கள்மேல் மரியாதை. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று இழுக்காமல், கோட்டை எங்கே போடுவது என்று முன்னமே தீர்மானித்தார்கள்.

"இன்னும் ஒன்றே ஒன்று" என்ற கெஞ்சல் எப்போதும் வரும். 1920 மே 1, பாஸ்டனின் பிரேவ்ஸ் ஃபீல்ட். புரூக்ளின் அணிக்கு லியோன் காடோர், பாஸ்டனுக்கு ஜோ ஓஷ்கர்; இருவரும் மாற்று வீரர் இல்லாமல் 26 இன்னிங்ஸ் வீசினார்கள். ஸ்கோர் 1–1. நடுவர் பேரி மெக்கார்மிக் இருட்டைக் காரணம் காட்டி முடித்துவைத்தார். இன்னும் ஒன்று ஆடினால் 27 ஆகும், மூன்று முழு ஆட்டங்கள் ஆடியதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று புரூக்ளினின் ஐவி ஓல்சன் மன்றாடியதாகச் சொல்வார்கள். மெக்கார்மிக் இணங்கவில்லை. ஆசை எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வெளிச்சத்தைக் கூட்டாது.

மறுபக்கத்துத் தவறும் உண்டு: அவசரம். 1922 அக்டோபர் 5, மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டம், போலோ கிரவுண்ட்ஸ், யாங்கீஸும் ஜயன்ட்ஸும். பத்து இன்னிங்ஸில் 3–3. சூரியன் இன்னும் வானில் இருக்கும்போதே இருட்டு என்று சொல்லி நடுவர்கள் முடித்துவிட்டார்கள். கூட்டம் கொதித்தது. முடிவு நடுவர்களுடையது, கோபம் விழுந்ததோ பேஸ்பால் ஆணையர் லாண்டிஸ்மேல். டிக்கெட் வசூலுக்காகவே சமநிலையில் விட்டார்கள் என்று கத்தினார்கள். லாண்டிஸ் அன்றைய வசூலான சுமார் 1,20,000 டாலரைத் தர்மத்துக்குக் கொடுக்க உத்தரவிட்டார். அந்த நடுவர்களின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஓர் இன்னிங்ஸுக்கு வெளிச்சம் இருக்கிறது என்று எல்லோர் கண்ணுக்கும் தெரியும்போது அதை ஆடவிடுவதும் நடுவரின் கடமை. சந்தேகம் வந்தாலே நிறுத்திவிடு என்று சிலர் புதியவர்களுக்குச் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை.

பயிற்சியாளர்களின் சூழ்ச்சிக்கும் தயாராக இருங்கள். ஆட்டம் செல்லுபடியாகும் எல்லைக்கு முன் தோற்றுக்கொண்டிருப்பவர் இழுத்தடிப்பார்: பிட்சரை மாற்றுவார், மேட்டுக்கு நடப்பார், ஷூ நாடா அவிழும். வெல்பவரின் பேட்டர்கள் எட்டாத பந்தையெல்லாம் வீசி அடித்து வேண்டுமென்றே அவுட் ஆவார்கள். எல்லையைக் கடந்த பிறகு வேடம் மாறும். முன்னிலையில் இருப்பவர் மெதுவாவார். ஆட்டத்தை நீட்டவோ குறுக்கவோ வெளிப்படையாகச் செய்யும் தந்திரத்துக்குத் தண்டனை, ஆட்டத்தையே எதிரணிக்குக் கொடுத்துவிடுவது. 1954 ஜூலை 18 அன்று செயின்ட் லூயிஸில் நடுவர் பேப் பினெல்லி அதைச் செய்தார். மழையால் தாமதமாகி இருட்டை நெருங்கிக்கொண்டிருந்த, அன்றைய இரண்டாவது ஆட்டத்தில் இழுத்தடித்த கார்டினல்ஸ் அணி, பிலீஸிடம் ஆட்டத்தை இழந்தது. பள்ளி மைதானத்தில் அவ்வளவு தூரம் போகத் தேவை வராது. இன்னிங்ஸ்களுக்கு நடுவே ஒரு நிமிடம், ஐந்து பயிற்சிப் பந்து, பந்தை வாங்கிய பிறகு பிட்சருக்கு 20 நொடி: புத்தகத்தில் இருப்பதை முதல் இன்னிங்ஸிலிருந்தே சீராக அமல்படுத்தினால் போதும். ஆறாவதில் மட்டும் கடிகாரத்தை எடுத்தால் யாரும் மதிக்க மாட்டார்கள்.

மேஜர் லீக்கில் இன்று இந்தப் பேச்சே ஏறக்குறைய இல்லை. 1935 மே 24 அன்று சின்சினாட்டியின் கிராஸ்லி ஃபீல்டில் அதன் முதல் இரவு ஆட்டம் நடந்தது. ரிக்லி ஃபீல்ட் மட்டும் 1988 ஆகஸ்ட் வரை விளக்கில்லாமல் பிடிவாதமாக இருந்தது. 1982-இல் அங்கே டாட்ஜர்ஸ்–கப்ஸ் ஆட்டம் 17 இன்னிங்ஸ் 1–1 என்று இருட்டில் நின்று, மறுநாள் 21-ஆவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் வென்றது. நிறுத்திவைத்துத் தொடரும் அந்த முறையே எல்லா லீக்குகளிலும் வர வேண்டும் என்பது என் விருப்பம். இருட்டுக்காக யாரும் தோற்கவும் வேண்டாம், வெல்லவும் வேண்டாம்.

நிறுத்தும் நேரம் வந்ததும் முகக்கவசத்தைக் கழற்றி, பிளேட்டுக்கு முன்னால் வந்து, இரு கைகளையும் உயர்த்தி, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். மழைக்கு நிறுத்தினால் முப்பது நிமிடம் காத்திருப்பதில் பொருள் உண்டு, வானம் வெளுக்கலாம். அந்திக்குப் பிறகு வெளிச்சம் திரும்பி வராது. பயிற்சியாளர் வந்தால் ஒருமுறை காரணம் சொல்லுங்கள்: "பேட்டருக்குப் பந்து தெரியவில்லை, ஆட்டம் முடிந்தது." இரண்டாவது முறை அதையே சொல்லுங்கள். மூன்றாவது முறை பேச வேண்டாம். "இரண்டு பந்து மட்டும் பார்ப்போம்" என்ற பேரத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்.

கிளம்புவதற்கு முன் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: இன்னிங்ஸ், எந்தப் பாதி, எத்தனை அவுட், எந்தெந்த பேஸில் யார், பேட் செய்தவர் யார், அவருக்கு எத்தனை பால் எத்தனை ஸ்ட்ரைக், வீசியவர் யார், அதுவரை எத்தனை பந்து வீசியிருக்கிறார், ஸ்கோர், மணி. சிறுவர்களுக்குப் பந்து எண்ணிக்கையும் ஓய்வு நாள்களும் விதியில் இருப்பதால் பிட்சரின் கணக்கை விட்டுவிடாதீர்கள். இரு அணிகளின் ஸ்கோர் புத்தகங்களோடும் அங்கேயே ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் இருவரும் எதிரில் இருக்கும்போதே தீர்த்துவிடுங்கள். வண்டியில் ஏறிய பிறகு வரும் தொலைபேசி அழைப்பில் அது தீராது. அந்தத் தாளைப் படம் எடுத்து, அன்றிரவே லீக்குக்கும் இரு பயிற்சியாளர்களுக்கும் ஒரே செய்தியாக அனுப்பிவிடுங்கள்.